இசைத்தட்டில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது: ஊசியா, தட்டா, அறையா?

கேள்வி: கோவை வாசகர், ஜனவரி 6

அப்பா சேர்த்து வைத்திருந்த கர்நாடக இசைத்தட்டுகளும் பழைய திரைப்பாடல் தட்டுகளும் வீட்டில் இருக்கின்றன. அவற்றைக் கேட்பதற்காகவே பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒன்று வாங்கினேன். கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி, ஆடியோ டெக்னிகா ஏடி-விஎம்95இ. வயலினும் மிருதங்கமும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பாடுபவர் ‘ஸ’, ‘ச’, ‘ஷ’ என்று உச்சரிக்கும் இடங்களில் எழுத்தைச் சுற்றி ஒரு சீறல் தெறிக்கிறது. அரை மணி நேரத்தில் காது களைத்துப் போகிறது. வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு மாறினால் ஒலி மென்மையாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். கேபிளை மாற்றச் சொல்கிறார் நண்பர். எதில் பணம் போடுவது?

ஜனவரி 6, இரவு

இப்போதைக்கு எதிலும் போட வேண்டாம். உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிப் புகார்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. காது களைப்பது ஒன்று. சீறல் தெறிப்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் ஒலியின் நிறத்தைச் சேர்ந்தது, அதாவது மேல்வரிசை ஒலிகள் (உயர் அதிர்வெண் ஒலிகள்) அளவுக்கு மீறி நிற்பது. இரண்டாவது சிதைவு, தட்டில் வெட்டப்பட்டிருப்பதை ஊசி சரியாகப் படிக்காததால் புதிதாகப் பிறக்கும் ஒலி. நிறத்தை வால்வாலோ கேபிளாலோ கொஞ்சம் மங்கச் செய்யலாம். சிதைவை மங்கச் செய்தால் மங்கிய சிதைவுதான் கிடைக்கும், கூடவே வயலினும் மங்கிப்போகும்.

நான்கு விஷயங்களைக் கவனித்து எழுதுங்கள். தட்டின் ஓரத்தில் இருக்கும் பாட்டைவிட லேபிளை ஒட்டிய பாட்டில் சீறல் கூடுகிறதா? இடது, வலது ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே அளவா, ஒரு பக்கம் கூடுதலா? எல்லாத் தட்டிலும் உண்டா? அதே பாடகரைக் கைபேசியிலிருந்து அதே ஆம்ப்ளிஃபையர், அதே ஸ்பீக்கர் வழியாகக் கேட்டால் எப்படி இருக்கிறது?

ஜனவரி 8

பதில் வந்துவிட்டது: லேபிளை நெருங்க நெருங்கக் கூடுகிறது, வலப்பக்கம் சற்று அதிகம், சில தட்டுகளில் மட்டும் மிக மோசம், கைபேசியில் சீறல் இல்லை, ஆனாலும் ஒலி கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கிறது. இந்த நான்கு வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

லேபிளை நெருங்கும்போது என்ன நடக்கிறது என்பதை எண்களோடு பார்த்துவிடுவது நல்லது. 33⅓ வேகத் தட்டில் ஊசி எங்கே இருந்தாலும் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று மாறுவதில்லை. ஊசிக்கு அடியில் ஓடும் தடத்தின் நீளம்தான் மாறுகிறது. மையத்திலிருந்து 146 மி.மீ. தள்ளி முதல் பாட்டு தொடங்கும் இடத்தில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது. 60 மி.மீ.க்கு வந்து நிற்கும் கடைசிப் பாட்டில் 21 செ.மீ. மட்டுமே. ‘ஸ’ ஒலியின் பலம் ஏறத்தாழ 5 முதல் 10 கிலோ ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. 8 கிலோ ஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் ஓர் அலையின் நீளம் ஓரத்தில் 64 மைக்ரான், உள்ளே 26 மைக்ரான். சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரமே 15 முதல் 18 மைக்ரான் வரை இருக்கும். அந்த 26 மைக்ரானுக்குள் ஒரு மேடும் ஒரு பள்ளமும் அடங்கியாக வேண்டும். அலை கொஞ்சம் உயரமாக இருந்துவிட்டால் உருண்டை முனை பள்ளத்தில் இறங்காமல் மேட்டுக்கு மேடு தாவிப் போகிறது. உங்கள் நீள்வட்ட முனையின் சிறிய ஆரம் சுமார் 8 மைக்ரான் என்பதால் நிலைமை இதைவிட நன்றாக இருக்க வேண்டும், ஆனால் அது நேராக உட்கார்ந்திருந்தால்தான்.

இதற்கு மேல் இன்னொரு சுமையும் இருக்கிறது. 1950களின் நடுவிலிருந்து பொதுவாகிவிட்ட ஆர்ஐஏஏ முறையில் தட்டை வெட்டும்போது மேல்வரிசை ஒலிகளை உயர்த்தி வெட்டுகிறார்கள். கேட்கும்போது, டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையில் வரும் ஃபோனோ ப்ரீ ஆம்ப் அவற்றைத் தாழ்த்திச் சமன் செய்கிறது. இந்த உயர்வு 1 கிலோ ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 10 கிலோ ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல். இரைச்சலைக் குறைக்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் மைக்குக்கு வெகு அருகில் நின்று ‘ஸ’ என்று பாடினால், தட்டிலேயே மிகக் கடினமான நெளிவு அந்த எழுத்துக்குத்தான் வாய்க்கிறது.

ஜனவரி 8, சற்றுப் பிறகு

கர்நாடக இசைத்தட்டில் இது கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ, ரி, க, ம என்று ஸ்வர எழுத்துகளையே பாடும் கல்பனாஸ்வரம் கீர்த்தனையின் கடைசியில்தான் வரும். ஒரு பக்கம் முழுவதும் ஒரே கீர்த்தனை பதிந்திருந்தால், ஆலாபனையும் பல்லவியும் ஓரத்தில் சொகுசாக ஓடி முடிந்துவிடும். ஸட்ஜத்தில் வந்து விழும் அத்தனை ‘ஸ’வும் லேபிளை ஒட்டிய நெருக்கடியில் மாட்டிக்கொள்ளும். மேற்கத்தியப் பாப் இசையில் ஆர்ப்பாட்டமான பாட்டை முதலிலும் அமைதியான பாட்டைக் கடைசியிலும் வைத்துத் தட்டின் வடிவத்தோடு சமரசம் செய்துகொள்ளலாம். நம் வித்வானிடம் போய் ஸ்வரத்தை முதலில் பாடிவிட்டு ஆலாபனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று யார் சொல்வது?

கார்ட்ரிட்ஜைச் சோதிக்க இதைவிட நல்ல சோதனைத் தட்டு கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பக்கத்தின் கடைசி மூன்று நிமிட ஸ்வரத்தை மட்டும் வைத்துத்தான் எந்த மாற்றத்தையும் தீர்மானிக்கிறேன்.

ஜனவரி 11

வலப்பக்கம் அதிகம் என்றீர்கள். தடத்தின் உட்சுவரில் இடது சேனலும் வெளிச்சுவரில் வலது சேனலும் வெட்டப்பட்டிருக்கின்றன. டோன்ஆர்ம் என்னும் கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் கோணமாக வளைந்திருப்பதால், தட்டு சுற்றும்போது உராய்வு டோன்ஆர்மை மையத்தை நோக்கி இழுக்கிறது. ஊசி உட்சுவரில் சாய்கிறது, வெளிச்சுவரில் பிடி தளர்கிறது. கடினமான ‘ஸ’ வரும்போது முதலில் பிடி விடுவது வலது சேனல்தான். இந்த இழுப்புக்கு எதிராக வெளியே இழுப்பதுதான் ஆன்டி ஸ்கேட்டிங். வலது மட்டும் சீறினால் அதைச் சற்றுக் கூட்ட வேண்டும், இடது மட்டும் சீறினால் குறைக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவில் சீறினால் வேறிடத்தில் தேட வேண்டும்.

தடமே இல்லாத வழவழப்பான தட்டில் ஊசியை வைத்து, அது எந்தப் பக்கமும் நகராமல் நிற்கும்படி ஆன்டி ஸ்கேட்டிங்கை வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வழவழப்பில் முனையின் நுனி மட்டுமே தொடுகிறது. தடத்தில் இரு பக்கமும் சுவரைத் தொடுகிறது. உராய்வு இரண்டிலும் ஒன்றாக இருக்க முடியாது. காதை வைத்து, ஸ்வரத்தை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

ஆனால் அதற்கு முன்பு ஊசி அழுத்தம். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை, வழக்கமாக 2 கிராம் என்று நிறுவனமே சொல்கிறது. டோன்ஆர்மின் பின்னால் இருக்கும் எடையில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். நூற்றில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு மலிவாகவே கிடைக்கிறது. தட்டின் மேற்பரப்பு இருக்கும் உயரத்திலேயே தராசின் தட்டும் இருக்கும்படி பார்த்து நிறுங்கள். உயரம் மாறினால் சில டோன்ஆர்ம்களில் எடையும் மாறும்.

ஜனவரி 12

திருச்சி நண்பர் ஒருவர், அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு தேயாதே, 1.5 கிராமில் வைக்கலாமே என்று கேட்கிறார். பார்வைக்கு நியாயம்தான். நடப்பது நேர்மாறு. எடை போதாத ஊசி ஒவ்வொரு ‘ஸ’விலும் சுவரை விட்டு எழும்பி மறுபடி சுவரில் வந்து மோதுகிறது, மோதுகிற முனையோ வைரம். சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். 2 என்றால் 2, வேண்டுமானால் 2.1. தட்டின் மீது இரக்கம் காட்ட விரும்புபவர் அதைத் துடைத்துக் காட்டட்டும்.

ஜனவரி 15

கோவைக்காரர் நிறுத்துப் பார்த்திருக்கிறார், 1.6 கிராம் இருந்ததாம். பெட்டியிலிருந்து எடுத்துப் புத்தகத்தில் சொன்னபடி பொருத்தியதுதான். 2 கிராம் ஆக்கியதும் ஓரத்துப் பாடல்கள் தெளிந்துவிட்டன, வலப்பக்கச் சீறல் குறைந்திருக்கிறது, கடைசிப் பாட்டில் மட்டும் இன்னும் மிச்சம் என்கிறார்.

அப்படியானால் அடுத்தது புரொட்ராக்டர், கார்ட்ரிட்ஜை நேராகப் பொருத்துவதற்கான புள்ளியும் கோடும் போட்ட அட்டை. தட்டை வெட்டும் இயந்திரத்தின் தலை நேர்கோட்டில் நகர்கிறது. நம் டோன்ஆர்மோ ஓர் அச்சில் சுழன்று வில் போடுகிறது. ஆகவே தட்டு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் ஊசி தடத்துக்குச் சரியாக இணையாக இருக்கும். அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. 1938இல் லோஃப்கிரென் போட்ட கணக்கை 1941இல் பேர்வால்டும் தனியாகப் போட்டார். அந்த முறையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்பவை இணைப் புள்ளிகள். 1966இல் ஸ்டீவன்சன் சொன்ன முறையில் உள்புள்ளி 60.3 மி.மீ.க்கு, அதாவது இசை முடியும் இடத்துக்கே போய்விடுகிறது, வெளிப்புள்ளி 117.4. தட்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் பேர்வால்ட் மேல். எனக்கு ஸ்வரம்தான் முக்கியம் என்றால் ஸ்டீவன்சன்.

மேற்கத்திய இசைக்காரர்கள் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவார்கள். நான் இரண்டையும் வைத்துக் கேட்டிருக்கிறேன். லேபிளை ஒட்டி நெருக்கமாக வெட்டிய தட்டுகளில் ஸ்டீவன்சன் தெளிவாகவே உதவுகிறது. லேபிளுக்கு முன் நிறைய இடம் விட்டு முடியும் தட்டுகளில் பேர்வால்ட் நன்றாக இருக்கிறது. உங்கள் தட்டுகளை அடுக்கி, இசை எங்கே முடிகிறது என்று ஒரு அளவுகோலால் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செய்யும் விதம்: ஹெட்ஷெல்லின் இரண்டு திருகுகளையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், கார்ட்ரிட்ஜ் நகர வேண்டும், ஆடக் கூடாது. ஊசிக்காப்பை மாட்டிவிட்டே திருகில் கை வையுங்கள். ஊசி முனை புள்ளியில் சரியாக உட்கார்ந்த பிறகு, கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்க்காமல் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டைப் பாருங்கள். உடல் கோட்டுக்கு இணையாக இருக்கையில் தண்டு அரைப் பாகை சாய்ந்திருப்பது சாதாரணம், நாம் நேராக்க வேண்டியது தண்டைத்தான். கைபேசியின் கேமராவை அருகில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் கண்ணுக்குத் தப்பியது தெரியும். திருகை இறுக்கும்போது உடல் சற்றுத் திரும்பும். ஆகவே மாற்றி மாற்றி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இறுக்கி முடித்தபின் மறுபடி எடையை நிறுக்க வேண்டும், ஏனென்றால் கார்ட்ரிட்ஜ் முன்னும் பின்னும் நகர்ந்தால் எடை மாறும்.

ஜனவரி 16

டோன்ஆர்மின் உயரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது கடைசி வேலை. 9 அங்குல டோன்ஆர்மில் ஊசியின் கோணத்தை ஒரு பாகை மாற்றுவதற்குப் பின்பக்கம் 4 மி.மீ. ஏற்ற இறக்க வேண்டும். தட்டுக்கு அடியில் விரிக்கும் பாயை மாற்றியதில், ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடியதில் உலகமே மாறிவிட்டது என்பவர்களுக்குக் கால் பாகைதான் மாறியிருக்கிறது. டோன்ஆர்ம் தட்டுக்கு இணையாகத் தெரிந்தால் அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போகலாம்.

ஜனவரி 19

இப்போது களைப்புக்கு வருவோம். உங்களுடையதைப் போல, ஊசியோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது பல்லாயிரம் சுற்றுக் கம்பிச்சுருள். அதன் இண்டக்டன்ஸும் (மின்தூண்டல்), டோன்ஆர்ம் கம்பி, கேபிள், ப்ரீ ஆம்ப் நுழைவாயில் ஆகியவற்றின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸும் (மின்தேக்கம்) சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மட்டும் தூக்கி நிற்பதை, உண்டாக்குகின்றன. உங்கள் விஎம்95இயின் இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்றி. அதற்கு நிறுவனம் பரிந்துரைப்பது 100 முதல் 200 பிகோஃபாரட். மொத்தம் 150 ஆக இருந்தால் ஒத்ததிர்வு 17.5 கிலோ ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், காதுக்கு ஏறத்தாழ எட்டாத இடத்தில் நிற்கும். 200 என்றால் 15. ஆனால் நீளமான கேபிளும், நுழைவாயிலிலேயே 220 பிகோஃபாரட் வைத்த ப்ரீ ஆம்ப்பும் சேர்ந்து 400ஐத் தொட்டுவிட்டால் அது 10.7 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே ஒரு மேடு எழும்பும். அதற்கு மேல் சரிந்துவிடும். கேட்பவருக்கு ஒலி ஒரே சமயத்தில் கூர்மையாகவும் மூடியதாகவும் தோன்றும். இந்த இரட்டைக் குறை இருந்தால் கெப்பாசிட்டன்ஸைச் சந்தேகிக்கலாம்.

கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், கார்ட்ரிட்ஜின் நான்கு கம்பிகளையும் கழற்றிவிட்டு, கேபிளின் ஆர்சிஏ முனையில் நடு ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். சாதாரண ஷீல்டு கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அல்லது அதையொட்டி வரும். ப்ரீ ஆம்ப்பின் எண் அதன் கையேட்டில் இருக்கும். இரண்டையும் கூட்டுங்கள். கேபிளை மாற்றச் சொன்ன நண்பர் சொல்வதில் இந்த ஓர் இடத்தில் மட்டும் பொருள் உண்டு; செம்பா வெள்ளியா என்பதில் அல்ல, நீளமா குட்டையா என்பதில்.

ஜனவரி 20

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, கெப்பாசிட்டன்ஸுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்த தோற்றம் வருகிறது. அது சிதைவை உண்டாக்குவதில்லை. ஊசி பிடி விட்டபோது பிறந்த சிதைவின் மேல்வரிசைத் துணுக்குகள் விழும் இடத்திலேயே 10, 11 கிலோ ஹெர்ட்ஸ் மேடும் எழும்புவதால், சிறிய குற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஊசி சரியாக ஓடும் தட்டில் அதே மேடு வெறும் பளபளப்பாகத் தெரியும். சிலருக்குப் பிடிக்கவும் செய்யும். ஆகவே எடை, கோணம் இரண்டும் முடிந்த பிறகே கம்பியில் கை வையுங்கள். காந்தத்துக்குப் பதில் சுருளே அசையும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு குறிப்புகளையும் தாண்டிப் போகலாம்; அங்கே சுருள் மிகச் சிறியது, இந்தக் கணக்கு காதுக்கு எட்டும் இடத்தில் வராது.

ஜனவரி 27

துடைப்பதைப் பற்றி எழுதாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். ஊசியைக் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். முனையைச் சுற்றி நரைத்த பஞ்சு மாதிரி தெரிவது தூசி, அதை இழுத்துவிடலாம். முனையின் இரு பக்கத்திலும் பழுப்பாக, மெழுகு வழிந்து உறைந்த மாதிரி ஒட்டியிருப்பதுதான் பகைவன். தூரிகைக்கு அது அசைவதில்லை. பாத்திரக் கறை நீக்க விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சில் சர்க்கரைக் கட்டி அளவு வெட்டி, டர்ன்டேபிளை நிறுத்தி வைத்து, லிவரால் ஊசியை அதன் மேல் நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள். சில முறை செய்தால் போதும். பக்கவாட்டில் இழுத்தால் தண்டு போய்விடும். ஸ்பாஞ்சின் துகள் ஒட்டாமல் இருக்க, முடிவில் பின்னிருந்து முன்னாகத் தூரிகையால் ஒரு தடவை.

தட்டுக்கு வருவோம். சென்னையில் என் வீட்டில் போர் தண்ணீர். அதில் கழுவிய தட்டைக் காய வைத்தால் உப்பு படிவது கண்ணுக்கே தெரியும். அந்த உப்பு தடத்துக்குள் உட்கார்ந்தால் ஊசி அதன் மேல்தான் ஓட வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எங்கும் கிடைக்கிறது. அதோடு சில துளி வாசனையற்ற திரவ சோப்பு, பிசுக்கு அதிகமென்றால் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். தடத்தின் போக்கிலேயே மென்மையான தூரிகையால் தேய்த்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை அலச வேண்டும். இந்த இரண்டாவது அலசலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. காய வைக்க, தட்டு அடுக்கும் பாத்திரக் கூடையில் நிறுத்துங்கள். ஃபேனுக்கு அடியில் வைத்தால் கழுவிய தூசியைத் திரும்ப வரவேற்பதாகும்.

78 வேகத் தட்டில் ஆல்கஹால் படக் கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். இந்தியாவில் 1960களிலும் 78 வேகத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன, எனவே அப்பாவின் பெட்டியில் பழைய திரைப்பாடல் தட்டு கிடைத்தால் எது எதுவென்று எடையையும் வேகத்தையும் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

பிப்ரவரி 2

கோவையிலிருந்து செய்தி: கர்நாடக இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை இப்போது கடைசிவரை கேட்கும்படி இருக்கின்றன. திரைப்பாடல் தட்டுகளில் ஒரு பாதி இன்னும் அப்படியே சீறுகிறது, ஓரத்துப் பாட்டிலும்கூட.

அந்தத் தட்டுகள் எதில் ஓடின என்று வீட்டில் விசாரியுங்கள். 1960, 70களில் நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் பெட்டி மாதிரி மூடித் தூக்கிப் போகும் பிளேயர்கள்; செராமிக் கார்ட்ரிட்ஜ், பல கிராம் அழுத்தம், ஊசியை மாற்றுவது என்பது ஊசி விழுந்து தொலைந்தால் மட்டும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காரரிடம் போய் வந்த தட்டுகளின் கதை இன்னும் மோசம். தேய்ந்த முனை உளி ஆகிவிடுகிறது. அது முதலில் செதுக்குவது மிக நெருங்கிய நெளிவுகளை, அதாவது ‘ஸ’வை. வயலின் பிழைத்துக்கொள்ளும், குரலின் சீற்றெழுத்துகள் பிழைக்காது. இதை எந்த ஆம்ப்ளிஃபையரும் மீட்டுத் தராது.

ஆனால் கைவிட வேண்டியதில்லை. பழைய உருண்டை முனை சுவரில் ஒரு குறிப்பிட்ட பட்டையைத்தான் உரசிப் பாழாக்கியிருக்கும். வேறு வடிவ முனை அதே சுவரில் வேறு உயரத்தில் தொட்டால், உரசப்படாத பகுதி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. உங்கள் கார்ட்ரிட்ஜின் வசதி இதில்தான்: பச்சை நிற ஊசியை இழுத்துக் கழற்றிவிட்டு, அதே உடலில் சிவப்பு நிற எம்எல் (மைக்ரோ லீனியர்) ஊசியைச் செருகலாம். மைக்ரோ லீனியர் முனையின் சிறிய ஆரம் 3 மைக்ரான் அளவே. சுவரை நீண்ட கோடாகத் தொடுகிறது. ஷிபாட்டா முனையும் அந்த வழியைச் சேர்ந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் நான்கு சேனல் சிடி-4 தட்டுகளில் 30 கிலோ ஹெர்ட்ஸ் அலையைப் படித்தே ஆக வேண்டிய கட்டாயத்தில், ஜேவிசியில் ஷிபாட்டா வடிவமைத்தது. நான்கு சேனல் தட்டுகள் மறைந்துவிட்டன. முனை மட்டும் பிழைத்து நம் ஸ்வரங்களுக்கு உதவுகிறது.

எல்லாத் தட்டும் தேறும் என்று எண்ண வேண்டாம். என்னிடம் இருப்பவற்றில் சில நன்றாகத் தேறின, சில கொஞ்சம், ஒன்றிரண்டில் கூர்மையான முனை காயத்தை இன்னும் துல்லியமாகப் படித்துக் காட்டி எரிச்சலைக் கூட்டியது. அவற்றுக்கு மட்டும் பழைய உருண்டை முனையே மேல்.

விலையைப் பார்த்து மலைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆடியோ டெக்னிகா தன் நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரமும், மைக்ரோ லீனியருக்கு 1,000 மணி நேரமும் ஆயுள் சொல்கிறது. தினம் ஒரு தட்டு, 40 நிமிடம் என்று வைத்தால் முன்னது ஒன்றேகால் ஆண்டில் தீர்ந்துவிடும். பின்னது நான்கு ஆண்டு தாங்கும். இணையத்தில் ‘சிறிதே பயன்படுத்தியது’ என்று வரும் ஊசிகளைத் தொடாதீர்கள். அப்படி வாங்கிய ஓர் ஊசியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முனையில் இரண்டு தட்டையான பளபளப்புகள் தெரிந்தன. விற்றவர் மனத்தில் சிறிது என்பதன் அளவு வேறாக இருந்திருக்கிறது.

பிப்ரவரி 3

மதுரையிலிருந்து ஒருவர்: மேலே சொன்ன எல்லாம் செய்தும் ஒலி தகரம் மாதிரி மெலிந்து, ‘ஸ’ மட்டும் அறைகிறதாம். டர்ன்டேபிளின் கம்பி ஆம்ப்ளிஃபையரில் எங்கே செருகியிருக்கிறது என்று கேட்டேன். ‘ஆக்ஸ்’ என்ற சாதாரண நுழைவாயிலில். இடையில் ஃபோனோ ப்ரீ ஆம்ப்பே இல்லை. தட்டில் உயர்த்தி வெட்டிய 14 டெசிபலை யாரும் தாழ்த்தவில்லை. டர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கும் ப்ரீ ஆம்ப்பை இயக்க, அதன் பின்பக்கச் சுவிட்சை லைன் பக்கம் தள்ளச் சொன்னேன். இப்போது அவர் வீட்டில் தாளமும் கேட்கிறதாம்.

பிப்ரவரி 9

கைபேசியிலும் கொஞ்சம் கூர்மை என்று முதலிலேயே சொன்னார் கோவைக்காரர். அதை இதுவரை தொடவில்லை. அது தட்டைச் சேர்ந்ததல்ல, அறையைச் சேர்ந்தது. சிமெண்டுச் சுவர், விட்ரிஃபைடு டைல் தரை, கண்ணாடி ஜன்னல், நடுவில் ஒரு சோபா. இதுதான் இன்றைய நம் கூடம். ஸ்பீக்கரில் மேல்வரிசையை ஒலிக்கும் ட்வீட்டரிலிருந்து கிளம்பும் ஒலி தரையிலும் பக்கச் சுவரிலும் பட்டுச் சில மில்லி நொடி தாமதமாக மறுபடி காதுக்கு வருகிறது. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு ‘ட்ர்ர்’ என்று உலோக நடுக்கம் கேட்டால், அதே நடுக்கம் ஒவ்வொரு ‘ஸ’வுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்திருக்கிறேன். பக்கச் சுவரில் புத்தக அலமாரி. அடுக்கு ஏறுமாறாக இருந்தால் இன்னும் நல்லது. இவை போதும். சுவர் முழுக்கத் திரை தொங்கவிட்டால் மேல்வரிசை மட்டும் உறிஞ்சப்பட்டு, கீழ்வரிசை அறையில் உருண்டுகொண்டே இருக்கும். ஸ்பீக்கரை நேரே காதை நோக்கித் திருப்பியிருந்தால், இரண்டு ஸ்பீக்கரின் கோடும் உங்கள் தோளுக்கு வெளியே போகும்படி சற்று விலக்கிப் பாருங்கள். பல ட்வீட்டர்கள் பக்கவாட்டில் சற்று மென்மையாக ஒலிப்பவை.

கடைக்காரரின் வால்வு யோசனைக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல வால்வு ஆம்ப்ளிஃபையர் மேல்வரிசையை மங்கச் செய்வதில்லை. மங்கச் செய்வது நல்லது என்று சொல்லி விற்பவரிடம் வாங்கவும் வேண்டியதில்லை. மங்கினால் போதும் என்றால் உங்கள் ஆம்ப்ளிஃபையரில் ‘ட்ரெபிள்’ என்று ஒரு குமிழ் இருக்கிறது. ஹைஃபை ரசிகர்கள் அதைத் தொடுவதைக் கூச்சமாக நினைக்கிறார்கள். நான் தேய்ந்த தட்டு போடும்போது இடப்பக்கம் ஒரு பிடி திருப்பிவிட்டு, முடிந்ததும் திரும்ப நேராக்குகிறேன்.

பிப்ரவரி 16

மிச்சமிருக்கும் திரைப்பாடல் தட்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவற்றில் எத்தனை மோனோ என்று பாருங்கள். 1960களின் தமிழ்த் திரைப்பாடல் தட்டுகள், முக்கியமாக 45 வேக 7 அங்குலத் தட்டுகள், பெரும்பாலும் மோனோ. மோனோவில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஊசி மேலும் கீழும் ஆடினால் அது முழுக்கக் குப்பை. நெருங்கிய நெளிவில் முனை இருபுறமும் நெருக்கப்பட்டு மேலெழும்புவதும் அந்தக் குப்பையில்தான் சேரும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் படித்துத் தருகிறது. இடதையும் வலதையும் ஒன்றாகக் கூட்டினால் மேல்கீழ் அசைவின் பங்கு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபையரில் மோனோ சுவிட்சு இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் ப்ரீ ஆம்ப்புக்கு முன்னால் இரண்டு ஒய் கேபிள்களை முதுகோடு முதுகாகச் செருகினால் அதே வேலை நடக்கும். ஆனால் கெப்பாசிட்டன்ஸ் கூடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

45 வேகம் என்பதால் சீறல் குறைவாக இருக்க வேண்டுமே என்ற அவருடைய சந்தேகம் சரிதான், ஆனால் பலன் சிறியது. தட்டே சிறியது என்பதால் மையத்திலிருந்து 54 மி.மீ. தள்ளி முடியும் இடத்தில் நொடிக்கு 25 செ.மீ. தடம்தான் ஓடுகிறது; 33⅓ தட்டின் கடைசியைவிடக் கொஞ்சம் மேல்.

மோனோ சுவிட்சை அழுத்தியும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சீறுகிற தட்டில் சிதைவு பக்கவாட்டு நெளிவுக்குள்ளேயே போய்விட்டது என்று பொருள். அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. வேறு பிரதி கிடைக்குமா என்று தேடலாம். தேடும்போது உறை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பிடித்து, கடைசிப் பாட்டின் தடம் கருமையாக மின்னுகிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால், கழுவியும் அது போகாவிட்டால், வாங்க வேண்டாம்.